இரண்டு நோய், ஒரு கட்டம்

மேலாளர் மேசைக்குப் பின்னால், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம் கணக்கர், காலை ஆட்டிக்கொண்டு. பதிவறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஜன்னலோரம், மடியில் ஆஸ்பத்திரிக் கோப்போடு. கடித குமாஸ்தா கதவருகே. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் குறித்துக்கொள்வது குமாஸ்தாவின் வழக்கம். பிறகுதான் காது கேட்கும்.

விஷயம் இதுதான். அக்கா அந்த வருஷம் நான்கு முறை மருத்துவ விடுப்பு எடுத்திருந்தார். முதல் விண்ணப்பத்தில் நோய் 'ஒவ்வாமை'. இரண்டாவதில் 'நோய் எதிர்ப்புக் குறைபாடு'. மூன்றாவதில் மறுபடி ஒவ்வாமை, நான்காவதில் மறுபடி குறைபாடு. தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டிருந்தது. இன்றைய தபாலில் தக்க பதில் போகாவிட்டால், பொய்க் காரணம் சொன்னதாகக் கொண்டு அக்கா வேலையிலிருந்து நீக்கப்படுவார்.

"அலர்ஜின்னா எதிர்ப்பு சக்தி எகிறிக் குதிக்கிறது. குறைபாடுன்னா அது படுத்துக்கிறது. ஒரே உடம்பு எப்படிம்மா குதிச்சுக்கிட்டே படுக்கும்?" என்றார் கணக்கர்.

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தார், தும்மினார். ஏழு தும்மல். குமாஸ்தா எண்ணினார், எழுதவில்லை.

"முடிஞ்சுதா?" என்றார் மேலாளர்.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க சார்." அதையும் முடித்தார். "ரத்தத்துல ஆன்டிபாடி மொத்தமா சரியாத்தான் இருக்கு. ஆனா நிமோனியாவுக்கு ஊசி போட்டு, ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா, அந்தக் கிருமிக்கு எதிரா ஏறவே இல்ல. அதான் சளி காதுக்குப் போகுது, நெஞ்சுக்குப் போகுது. தூசிக்கும் பூனை முடிக்கும் மட்டும் தலைதெறிக்க ஓடி வருது."

மேலாளர் யோசித்தார். "அதாவது, வருகைப் பதிவேட்டுல எல்லாரும் இருக்காங்க. வேண்டிய வேலைக்குக் கூப்பிட்டா ஒருத்தரும் வரல. வேண்டாத விவகாரத்துக்கு முதல் ஆளா வந்து நிக்கிறாங்க."

"ஆமாங்க சார்."

"இதுல எனக்குப் புரியாதது ஒண்ணும் இல்ல," என்று மேலாளர் கணக்கரைப் பார்த்தார். கணக்கரின் கால் நின்றது. "ரெண்டும் இருக்குன்னா, தடவைக்கு ஒண்ணா ஏம்மா எழுதிக் குடுத்தே?"

"நான் ரெண்டையும்தான் சொன்னேன்."

குமாஸ்தா எழுந்து நின்றார். எல்லோருடைய விண்ணப்பத்தையும் படிவத்தில் நிரப்புவது அவர். நோய்க்கு ஒரே ஒரு சிறிய கட்டம். இருபத்தோரு வருஷத்தில் அவருடைய எழுத்து எந்தக் கட்டத்தையும் தாண்டியதில்லை. எந்த நோய்க்கும் ஓரவஞ்சனை ஆகிவிடக் கூடாதே என்று மாற்றி மாற்றி எழுதியிருந்தார்.

"சார், தப்பு என்னுது. ரெண்டும் உள்ள அடங்கல."

"அடப்பாவி மனுஷா!" என்றார் கணக்கர். "கட்டம் அழகா இருக்கணும்னு ஒருத்தி பொழப்புல மண்ணள்ளிப் போட்டிருக்கீரே!"

"விடுங்கண்ணே," என்றார் அக்கா. "கையெழுத்து முத்து முத்தா இருக்குன்னு நானும் படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன்."

"இதை எழுதுனா உம்ம மேல நடவடிக்கை வரும்," என்றார் மேலாளர், குமாஸ்தாவிடம்.

"தெரியும் சார்."

குமாஸ்தா எழுதினார்: 'மேற்படி இரு நோய்களும் இவருக்கு ஒரே காலத்தில் உள்ளவை. ஒன்றை விட்டு ஒன்றைக் குறித்தது கடித குமாஸ்தாவின் பிழை, விண்ணப்பதாரருடையது அன்று.' மருத்துவச் சான்றுகளை வரிசைப்படி அடுக்கினார். மேலாளர் ஒப்பமிட்டார். குமாஸ்தா உறையை ஒட்டி, அரக்கை உருக்கி முத்திரை வைத்து, தபால் பையைக் கட்டிக்கொண்டிருந்தவரை நிறுத்தி, தன் கையாலேயே உள்ளே போட்டார்.