பதினொன்று இரண்டுக்கு ஒரு குறி

1
எழுதினால் பயம் தெளியும் என்று யாரோ சொன்னதில் தொடங்கிய கதை இது. தெளியவில்லை. முதல் வரியை நாலைந்து தடவை அடித்துவிட்டு, சாக்ஸிலிருந்து ஆரம்பிக்கிறேன். அன்று காலை ஒற்றைச் சாக்ஸோடு அவர் வீடு முழுக்க நொண்டியடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு எங்கடி?"

"கால்லதான் இருக்கும், பாருங்க."

"அது இந்தக் கால்!"

அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு அவர் குரலைக் கேட்கவில்லை. ('நான்' என்று எழுத வரவில்லை; 'அவள்' என்று எழுதினால்தான் கை ஓடுகிறது. மன்னியுங்கள்.)

2
கொஞ்சம் தொழில் விஷயம். இது இல்லாமல் கதை இல்லை. அவர் அலுவலகத்தில் சர்வர் என்னும் பெரிய கணினிகள் இரண்டு, இரண்டுக்கும் பொதுவாக ஒரு சேமிப்பகம். ஒன்று விழுந்தால் மற்றது அதன் வேலையை ஏற்கும். அதற்காக நொடிக்கொரு தரம் 'இருக்கிறேன்' என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே இருக்கும். பேச்சு நின்றால் செத்ததாக முடிவுகட்டக் கூடாது. கம்பி மட்டும் அறுந்திருக்கலாம். பொதுச் சேமிப்பகத்தை எட்டிப்பார்க்க வேண்டும். அங்கே புதுக் குறி விழுந்திருந்தால் உயிர் இருக்கிறது. அவசரப்பட்டு இரண்டும் ஒரே வேலையில் கைவைத்தால் எல்லாம் நாசம்.

3
போன வருடம் அவர் ஒருமுறை மயங்கி விழுந்தார். சர்வர் அறைக்குள் சிக்னல் கிடையாது.

"போன் போகலைன்னா நான் என்னன்னு நினைக்கிறது?"

"நம்ம ரெண்டு பேருக்கும் பொதுவா போன்ல ஒரு பட்டியல். ஆபீஸ் வைஃபைல மணிக்கொரு குறி போடறேன். குறி இருந்தா நான் இருக்கேன். அலறியடிச்சு ஆபீசுக்கு ஓடி வந்து மானத்தை வாங்காத, தாயே."

வாரத்துக்கு இரண்டு தடவை மறந்தார். அவள் அழுதாள். பிறகு மறக்கவே இல்லை.

4
அன்று பத்தே முக்காலுக்குப் போன் போகவில்லை. பதினொன்று இரண்டுக்குக் குறி விழுந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு [அப்படி நடக்கவில்லை] துணி மடித்தாள். பன்னிரண்டு நாலுக்கு ஒரு குறி. ஒன்று ஒன்றுக்கு ஒரு குறி.

ஒன்றேகாலுக்கு அவரோடு வேலை பார்க்கும் 'சோடாபுட்டி' அழைத்தார்.

"அண்ணி, ஆஸ்பத்திரிக்கு வாங்க. அண்ணன் சர்வர் ரூம்ல விழுந்து கிடந்தாரு."

"இப்பத்தானே குறி போட்டாரு?"

"அது அவர் இல்ல அண்ணி. நீங்க பயப்படக் கூடாதுன்னு ஒரு புரோகிராம் எழுதி சர்வர்ல போட்டிருந்தாரு. டாண்ணு மணிக்கு விழுந்தா உங்களுக்குச் சந்தேகம் வருமாம். நாலஞ்சு நிமிஷம் முன்னப் பின்ன விழற மாதிரி..."

5
முடிவு ஒன்று: அவள் பத்தே முக்காலுக்கே ஓடுகிறாள், கதவை இடிக்கிறாள், மானம் போகிறது, அவர் திட்டுகிறார். இதைத்தான் அதிகம் எழுதிப்பார்த்தேன்.

முடிவு இரண்டு: உயிர் போன நேரத்தை டாக்டர் எழுதித் தந்த உறையை அவள் பிரிக்கிறாள். பத்து மணி என்றிருந்தால் ஓடியும் பயனில்லை. பன்னிரண்டு வரை மூச்சு இருந்திருந்தால்

உறையை நான் இன்னும் பிரிக்கவில்லை. நேரத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அன்று இன்னொரு சாக்ஸ் கிடைக்காமலே போனார். சோடாபுட்டியிடம் வேறொன்று கேட்டேன். அந்த அறையில் குளிர் இன்றும் பதினெட்டு டிகிரிதானாம்.