மூன்றாம் கம்பத்தில் நாற்பது வருடம்

உதயகுமாரி மூன்றாம் கம்பத்தில் போய் நின்று நாற்பது வருடமாகிறது.

1985இல் யாழ்ப்பாணத்தில் கல்லூரிப் பெண்களுக்கான எல்லே இறுதியாட்டம். மட்டையால் பந்தை அடித்துவிட்டு நான்கு கம்பங்களையும் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். வழியில் எதிரணி எறியும் பந்து மேலில் பட்டால் ஆட்டமிழப்பு. கம்பத்தடியில் நின்றுகொண்டால் தப்பலாம். உதயகுமாரியின் மகளிர் கல்லூரியும் றோஸின் கன்னியர்மடமும் ஆறுக்கு ஆறு. மிச்சம் ஒரே பந்து. அந்த நேரம் பார்த்து ஆமியின் ஹெலிகொப்டர் வந்தது. மைதானம் முழுக்கக் குப்புற விழுந்தது. எழும்பினவர்கள் வீட்டுக்கு ஓடினார்கள், ஆட்டம் அந்தரத்தில் நின்றது.

பிறகு ஊர் விட்டு ஒஸ்லோ வந்து, எல்லாரும் பென்சனை எட்டிப் பார்க்கும் வயதாகியும், அன்றைக்கு யார் வென்றது என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. கலியாண மண்டபத்தில்கூட இரண்டு கல்லூரிக்காரிகளும் வேறு வேறு மேசை. கடைசியில் இந்தக் கோடையில் முடிவெடுத்தார்கள்: லோறென்ஸ்கூக் மைதானத்தில், விட்ட இடத்திலிருந்தே ஆட்டம். நடுவர் றெஜினோல்ட். அவருக்கு இரண்டு கல்லூரியிலும் சகோதரிகள் இல்லை என்பதே தகுதி. ஒற்றைப் பந்தைப் பார்க்க நூற்றைம்பது சனம், ரோல்ஸும் தேத்தண்ணியுமாக.

கம்பத்துக்குப் போகும் வழியில் மகள் சுஜானி மெல்ல இழுத்தாள்.

"அம்மா, கோவிக்காதேங்கோ. உங்களுக்கு முழங்கால் மாத்தினது எண்டு றோஸ் அன்ரிக்கு எழுதினனான். மெதுவா எறியச் சொல்லி."

உதயகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதியோர் இல்லத்தில் இருபத்தாறு வருடம் ஆட்களைத் தூக்கித் தேய்ந்த முழங்கால் அது. அதற்காக யாரிடமும் இரக்கம் கேட்டதில்லை. தோற்றால்கூடப் பரவாயில்லை. பிச்சையாகக் கிடைக்கிற வெற்றியோடு மிச்சக் காலத்தை எப்படிக் கழிப்பது?

நேரே றோஸிடம் போனாள். திராமனிலிருந்து வந்திருந்த றோஸ் பந்துக்காகக் கையை உருவிக்கொண்டு நின்றாள்.

"மகள் எழுதினதை மற. பாவம் பாத்து எறிஞ்சியெண்டால், என்ர செத்தவீட்டுப் பக்கமும் வந்திடாதை."

"போய்க் கம்பத்திலை நில்," என்றாள் றோஸ். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

அன்றைக்கு மட்டை பிடித்த அதே தர்மினி வெஸ்ட்லியிலிருந்து வந்திருந்தாள். பந்து வந்தது. தர்மினி அடித்தாள். அது புல்லோடு உரசிக்கொண்டு, வேறு யாருமில்லாததுபோல நேரே றோஸின் கைக்கே போயிற்று.

உதயகுமாரி ஓடினாள். பார்த்தவர்கள் அதை ஓட்டம் என்று சொல்லத் தயங்குவார்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஒரு காலை இழுத்து இழுத்து, ஆனால் நிற்காமல் ஓடினாள். இன்னும் நாலு அடி. பந்து வரவில்லை. எறியாமல் விடப்போகிறாளோ? நாலாம் கம்பத்தைக் கையால் தொட்டாள்.

தொட்டதும் முதுகில் பளீரென்று விழுந்தது. மூச்சே ஒருகணம் நின்றுபோனது.

றெஜினோல்ட் கையை உயர்த்தினார். "கைதான் முதல். ஏழுக்கு ஆறு."

சனம் கத்தியது. உதயகுமாரி அதைக் கவனிக்கவில்லை. திரும்பி றோஸைப் பார்த்தாள். றோஸ் தோள்மூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கண் கலங்கியிருந்தது.

"உன்ர முதுகு முறியவெண்டுதான் எறிஞ்சனான்," என்றாள் றோஸ். "முதல் பந்து கையிலை வழுக்கிப் போச்சுதடி. இல்லாட்டி நீ துலைஞ்சாய்."

உதயகுமாரி அவளைக் கட்டிப்பிடித்தாள். தன்னைவிட றோஸை நினைத்துத்தான் அவளுக்குப் பெருமை பொங்கியது.

காருக்குள் சுஜானி தாயின் முதுகைப் பார்த்துப் பதறிப்போனாள். தோடம்பழம் அளவில் கன்றிச் சிவந்திருந்தது.

"அம்மா, ஐஸ் வைப்பம்."

"பொறு," என்றாள் உதயகுமாரி. "அது மங்கிறதுக்கு முன்னம் ஒரு படம் எடு."