நாலு விரல் தளர்வு

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. ஸ்வெட்டர் ஃபேக்டரி முழுக்க அவளை மீடியம் என்றுதான் கூப்பிடும். லிங்கிங் மெஷினில் உட்கார்ந்து ஸ்வெட்டரின் தோளையும் கழுத்தையும் கண்ணி கண்ணியாகக் கோத்து இணைப்பது அவள் வேலை. ஆனால் புது மாடல் எது வந்தாலும், போட்டுப் பார்க்க மாஸ்டர் அவளைத்தான் அழைப்பார். மார்பு, இடுப்பு, தோள், கை எல்லாமே மீடியம் சைஸ் பட்டியலுக்கு இம்மி பிசகாமல் அவளிடம் இருந்தன. வேறு இடங்களில் இதற்கு ஒரு பொம்மையை நிறுத்தியிருப்பார்கள். "பொம்மை மூச்சு விடுமா, குனியுமா?" என்பார் மாஸ்டர். பின்னல் துணி டேப்பிடம் ஒன்று சொல்லும், உடம்பிடம் வேறொன்று சொல்லும், உடம்பிடம் சொல்வதுதான் உண்மை என்பது அவர் கட்சி. ஏழு வருஷத்தில் அந்த உடம்பு அவரை ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

இப்போது ஏமாற்றிக்கொண்டிருந்தது. அவளுக்கு நாலரை மாதம்.

இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இந்த முறை தங்கியிருக்கிறது. சந்தோஷத்தில் ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த ஃபேக்டரியில் வயிற்றில் பிள்ளை என்று வாயைத் திறந்தவளை, "போய் ஓய்வெடும்மா" என்று மேனேஜர் தேன் ஒழுகச் சொல்லி அனுப்பிவிடுவார். அப்படிப் போன இரண்டு பேரை மறுபடி உள்ளே விடவில்லை. பத்து நாளில், ஒன்றாம் தேதி, அவளுடைய வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். கையெழுத்தாகிவிட்டால் பிரசவ லீவும் உண்டு, திரும்பி வர வேலையும் உண்டு. அதுவரை வயிறு வெளியே தெரியக் கூடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், இருந்தாலும் பத்து நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை மாஸ்டர் எடுத்து வைத்தது பெண்களுக்கான தொளதொள ஸ்வெட்டர். கடைக்குப் போக, வீட்டில் உட்கார, தினப்படி போட்டுக்கொள்ள. கோதுமை நிறம், இறங்கிய தோள், அகலமான கழுத்து. உடம்பில் எங்கும் ஒட்டாமல் நேராக விழ வேண்டும். வயிற்றுக்குப் பக்கவாட்டில் துணியைச் சேர்த்துப் பிடித்தால் நாலு விரல் அகலத்துக்குக் கையில் வர வேண்டும். தொளதொள என்று கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது. இதற்குள் யானையையே ஒளிக்கலாமே என்று நினைத்து, தலை வழியாக மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள்.

முன்பக்க விளிம்பு ஓர் அங்குலம் தூக்கிக்கொண்டு நின்றது.

மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். "மூச்ச உள்ள இழுக்காத. எப்பவும் போல நில்லு" என்றார். அவள் மூச்சை விட்டாள். விளிம்பு இன்னும் கொஞ்சம் ஏறியது. அவர் கை பக்கவாட்டுத் துணியைப் பிடித்தது. இன்னும் இரண்டு அங்குலம் முன்னால் வந்தால் வயிற்றின் கெட்டி கையில் பட்டுவிடும்.

"ரெண்டு விரல்தான் வருது" என்றார் மாஸ்டர். கை அங்கேயே நின்றுவிட்டது. "ஆவியக் கூப்பிடு."

ஆவியண்ணன் என்பது இஸ்திரிப் பகுதிக்காரர். நாள் முழுக்க நீராவிப் புகைக்குள் நின்று, திடீர் திடீரென்று வெளிப்படுவதால் வந்த பெயர். துவைத்துக் காய்ந்து வருகிற ஸ்வெட்டரை நீராவியில் படிய வைத்து, அளவை எழுதிச் சீட்டுக் கட்டுவது அவர் பொறுப்பு. துவைப்பில் சுருங்கிய துணியைச் சூட்டோடு இழுத்து அளவுக்குக் கொண்டுவருவது அந்தத் தொழிலில் இருக்கிற கள்ளத்தனம். சூடு ஆறி ஒருநாள் போனால் அது மறுபடி சுருங்கி நிற்கும். நம் ஆவியண்ணன் அதைச் செய்யாதவர், செய்யாததைத் தினம் நாலு பேரிடம் சொல்லியும் காட்டுகிறவர். "இருபத்திரண்டு வருஷம், ஒரு பீஸ இழுத்திருப்பேனா?" என்பது அவருக்குக் காலை வணக்கம் மாதிரி.

"சீட்டுல அளவு சரியா இருக்கு. மீடியம் மேல பிடிக்குது. என்ன அர்த்தம்? சூட்டோட இழுத்து எழுதினதுதான?" என்று கேட்டார் மாஸ்டர். சத்தம் கேட்டு மேனேஜரும் வந்து நின்றார்.

"மேசையில போட்டு அளந்து பாருங்க மாஸ்டர்."

"நீ மேசையில போட்டுத் தடவினாலே ரெண்டு சென்டி வளரும். டேப்ப விடு. இவ உடம்பு பொய் சொல்லுமா?"

டேப்பை எடுத்து ஒருதரம் அளந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் எடுக்கவில்லை. நம்பிக்கை என்று வந்துவிட்டால் கெட்டிக்காரனும் அப்படித்தான்.

ஆவியண்ணன் அவள் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. நிஜமாவே இறுக்கமா இருக்கா?"

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாண்ணே, கொஞ்சம் பிடிக்குது" என்றாள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, அதுதான் அவளை அன்று சாயங்காலம் வரை அரித்தது.

"நாளைக்குக் கம்பெனி மேடம் வராங்க" என்றார் மேனேஜர். "அவங்க முன்னால இவ மேல நாலு விரல் வரணும். வரலேன்னா நீ அப்படியே கிளம்பிடு."

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். "பத்து நாள் வாயத் திறக்காத" என்றான். "அவருக்கு வேற இடத்துல வேல கிடைக்கும். இருபத்திரண்டு வருஷ அனுபவம்."

"இழுத்தான்னு பேர் வந்தா எவன் சேத்துப்பான்?"

"அதுக்காக நீ போய் நிக்கணுமா? ரெண்ட இழந்தாச்சு. இதையாவது நிம்மதியாப் பெத்துக்க வேணாமா?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவள் எடுத்தது கோழை முடிவு: நாளைக்குத் துணி மறுபடி பிடித்தால் சொல்லிவிடுவது, பிடிக்காவிட்டால் பேசாமல் இருந்துவிடுவது. எப்படிப் பிடிக்காமல் போகும் என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை.

மறுநாள் மேடம் வந்தார். ஆர்டர் கொடுக்கும் கம்பெனியின் ஆள், சின்ன உருவம், கழுத்தில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, அநாவசியமாக ஒரு வார்த்தை பேசாத வாய். முதல் லாட் நூற்றிருபது பீஸும் மேசையில் அடுக்கியிருந்தது. மேடம் நடுவிலிருந்து ஒன்றை உருவி, மீடியத்திடம் நீட்டினார். சுவரோரம் ஆவியண்ணன் நின்றுகொண்டிருந்தார். முந்தின நாள் சட்டைதான் போட்டிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

சொல்லிவிட வேண்டியதுதான் என்று மனதுக்குள் வாக்கியத்தைக் கட்டிக்கொண்டு அவள் ஸ்வெட்டரை மாட்டினாள்.

அது நேராக விழுந்தது. முன் விளிம்பும் பின் விளிம்பும் ஒரே கோட்டில் நின்றன. மாஸ்டர் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்து, "நாலு விரல்" என்றார், லாட்டரி விழுந்த குரலில். மேனேஜருக்கு முகமெல்லாம் பல்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவள் மூச்சுவிட்டாள். கட்டியிருந்த வாக்கியம் அவிழ்ந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. நேற்றைவிட இன்று அவள் வயிறு சின்னதாகிவிடவில்லை. அப்படியானால் ஸ்வெட்டர் பெரிதாகியிருக்கிறது. ஆவியண்ணனைப் பார்த்தாள். அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரம் சிவந்து கன்றிப்போயிருந்தன.

"கழட்டிக் குடுங்க" என்றார் மேடம். வாங்கி மேசையில் போட்டார். தடவவில்லை, நீவவில்லை. போட்டபடியே விட்டுவிட்டு டீ குடித்தார். இன்னும் ஐந்து பீஸை உருவி அதேபோல் போட்டார். டீயைக் குடித்து முடிக்க இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து தன் டேப்பை எடுத்து அளந்தார்.

"நாலு சென்டி கூட. எல்லாமே." கண்ணாடியை இறக்கினார். "யார் இழுத்தது?"

மேனேஜர் சட்டென்று கட்சி மாறினார். "நேத்தே கையும் களவுமா பிடிச்சோம் மேடம். பழக்கமாப் போச்சு இந்த ஆளுக்கு."

"நேத்து இழுக்கல" என்றார் ஆவியண்ணன். குரல் உடைந்திருந்தது. "சத்தியமா நேத்து இழுக்கல. நீங்க எல்லாரும் போனதுக்கு அப்புறம், ராத்திரிதான் இழுத்தேன். அவ மேல நாலு விரல் வரணும்னு சொன்னீங்களே."

கேட்டவர்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பகலில் திருடவில்லை, ராத்திரிதான் திருடினேன் என்று ஒருவன் சொன்னால் யார் நம்புவார்கள்? "கணக்க முடிச்சிட்டுக் கிளம்பு" என்றார் மேனேஜர்.

ஆவியண்ணன் வாதாடவில்லை. நடந்தார். கதவு வரை போய்விட்டார்.

"அண்ணே, நில்லுங்க." அவளுக்கே தன் குரல் யாருடையதோ போலக் கேட்டது. "மாஸ்டர், என்னை அளங்க."

"உன்னை எதுக்கு?"

"அளங்க மாஸ்டர்."

டேப் அவள் வயிற்றைச் சுற்றி வந்தது. மாஸ்டர் எண்ணைப் பார்த்தார், சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தார். எண்ணை வாய்விட்டுச் சொல்லாமலே டேப்பைச் சுருட்டினார். பாவம், மூன்று பிள்ளை பெற்ற வீட்டு மனுஷர்.

"நாலரை மாசம்" என்று அவளே சொன்னாள். "நேத்து துணி சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் சரியா இல்ல. அண்ணன் கேட்டாரு. நான் சொல்லல."

மேடம் குறிப்பேட்டில் எதையோ எழுதினார். "எல்லாத்தையும் திரும்பத் துவைச்சு, ஒருநாள் ஆறப்போட்டு அளங்க. ஃபிட்டிங்குக்கு வேற ஆள் வேணும்" என்றார். கோபமும் இல்லை, கருணையும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

மேனேஜர் இரண்டு வேலையையும் ஒரே மூச்சில் முடித்தார். ஆவியண்ணனிடம், வேலை இருக்கிறது, ஆனால் 'இழுத்தது உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அவளிடம் தேன் ஒழுகியது. "ஒண்ணாம் தேதியிலேருந்து வீட்டுல ஓய்வெடும்மா. உடம்புதான முக்கியம்."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, நேரே இஸ்திரிப் பகுதிக்குப் போனாள். ஆவியண்ணன் ஸ்வெட்டர்களைத் தொட்டியில் முக்கிப் பிழிந்து, வலைத்தட்டில் பரப்பிக்கொண்டிருந்தார். ஈரம் பட்டதும் துணி தன் பழைய அளவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் நிமிரவில்லை.

"மன்னிச்சிடுங்கண்ணே."

அவர் இன்னொன்றைப் பிழிந்தார். "சுருங்கினப்பல்லாம் சுருங்கிடுச்சுன்னு சொல்லித் திட்டு வாங்கியிருக்கேன். இழுத்ததில்ல. நேத்து ராத்திரி ஒண்ணு விடாம நூத்தியிருபதையும் இந்தக் கையால இழுத்தேன். இப்ப எழுதியும் குடுத்தாச்சு."

அவளுக்குக் கண் நிறைந்து தொட்டியே தெரியவில்லை.

"நேத்தே நீ சொல்லியிருந்தா, உன் வேல மட்டும்தாம்மா போயிருக்கும்" என்றார் ஆவியண்ணன்.

அவள் தொட்டியில் கையை விட்டு ஒரு ஸ்வெட்டரைத் தூக்கினாள். தண்ணீர் குடித்த கம்பளி, குழந்தை கனம் கனத்தது. அவர் வெடுக்கென்று அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"வெயிட்டு தூக்காத" என்றார். அப்போதும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.