கைமணம் போனவள்

அந்தோணி அடுப்படிக்குள் நுழைந்ததே பெரிய அதிசயம். கல்யாணமான நாளிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொள்ளக்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மகராசன், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். லுங்கியை மடித்துக் கட்டினான். இரும்புக் கடாயில் எண்ணெய் ஊற்றி, அதில் மைதா மாவைக் கொட்டிக் கிளற ஆரம்பித்தான். ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்திருந்த செல்போனில் ஒரு வெள்ளைக்காரர் இதே போல் மாவைக் கிளறிக்கொண்டிருந்தார். மனைவி கிறிஸ்டினா அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயமும் குடமிளகாயும் நறுக்கிக்கொண்டிருந்தாள். படியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்பது உத்தரவு.

"நீ எதையும் தொடாத. உன் கை பட்டா வௌங்காது. கட் பண்ணிக் குட்த்துட்டு நவுந்துக்க" என்று சொல்லியிருந்தான்.

சிப்காட்டில் உள்ள ஓர் இறால் கம்பெனியில் அவன் செக்கர். பழவேற்காட்டிலிருந்தும் நெல்லூர்ப் பக்கத்திலிருந்தும் ஐஸ் பெட்டிகளோடு வண்டி வந்து நின்றால் முதலில் கூப்பிடுவது அவனைத்தான். பெட்டியிலிருந்து ஒரு இறாலை எடுப்பான், தலையைக் கிள்ளுவான், மூக்கருகே வைத்துக் கண்ணை மூடி ஒரு இழுப்பு. 'ஓகே' என்றால் சரக்கு உள்ளே போகும், 'ரிட்டன்' என்றால் வண்டி வந்த வழியே திரும்பும். கம்பெனியில் அவன் பெயரே மூக்கு அந்தோணி. சரக்கெல்லாம் அமெரிக்காவுக்குப் போகிறது. போன மாதம் அங்கே லூசியானா பக்கத்திலிருந்து சரக்கு வாங்குகிறவர் ஒருத்தர் நேரிலேயே வந்தார். கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்தவர், ஒருநாள் தன் அம்மா வைக்கும் இறால் குழம்பு என்று சொல்லி, மாவை எண்ணெயில் கருக வறுத்து, இறால் தலையை வேகவைத்த தண்ணீரை அதில் விட்டு, அவித்த முட்டையை முழுசாகப் போட்டு, எல்லாருக்கும் சோற்றில் ஊற்றிக் கொடுத்தார். மேனேஜர் அரசப்பன் ரெண்டு தட்டு சாப்பிட்டார். அதிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. அந்தோணி விடுவானா? வெள்ளைக்காரர் சமைத்ததைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தான். "நம்ம ஊட்டுக்கு வாங்க சார், அப்டியே செஞ்சு போட்றேன்" என்று கூப்பிட்டுவிட்டான். புது யூனிட்டுக்கு இன்சார்ஜ் போடப்போகிறார்கள். இவன் பெயரும் இன்னொரு செக்கர் குப்புராஜ் பெயரும் மேனேஜர் மேஜையில் இருக்கின்றன.

கிறிஸ்டினாவின் கை ஒரு காலத்தில் ஆரம்பாக்கத்தில் பேர்போன கை. அவள் மீன் குழம்பு வைத்தால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து நிற்பார்கள். அதெல்லாம் கொரோனாவோடு போயிற்று. ரெண்டாவது அலையில் வீட்டில் எல்லாருக்கும் காய்ச்சல், எல்லாருக்கும் வாசனை போனது. அவளுக்கும் மகள் ஸ்நேகாவுக்கும் கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. அவனும் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். அவள் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. "இன்னா கொழம்பு இது, சப்புன்னு கீது" என்று ஒருநாள். "மண்ணத் திங்கிற மாதிரி கீது" என்று இன்னொரு நாள். மசாலாவை மாற்றினாள், எண்ணெயை மாற்றினாள், புளியை மாற்றினாள். தட்டு பறந்ததுதான் மிச்சம். ஒரு ராத்திரி அவள் பிடரியைப் பிடித்துத் தட்டோடு அழுத்தி "நீயே தின்னு" என்றான். தின்றாள். அவள் வாய்க்கு நன்றாகத்தான் இருந்தது. அதனால் தன் நாக்கும் செத்துவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டாள், பைத்தியக்காரி.

கவரைப்பேட்டையில் அவன் அண்ணன் பேரனுக்கு ஞானஸ்நான விருந்து. அவள் ஆசையாக வைத்த மீன் குழம்பை, சொந்தபந்தம் பார்க்க, "இத்த நாய் கூட மோந்து பாக்காது" என்று சொல்லிச் சட்டியோடு சாக்கடையில் கவிழ்த்தான். அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் ஓரகத்திகள் அவளைக் கரண்டி தொட விடுவதில்லை. பூண்டு உரிக்கலாம், பாத்திரம் கழுவலாம். கைமணம் போனவள் என்று பெயர் ஆகிவிட்டது. ஸ்நேகாவும் டிபன் பாக்ஸ் எடுத்துப் போவதை நிறுத்திவிட்டாள். "அப்பா சொல்றதுல இன்னாம்மா தப்பு?" என்று அந்தப் பெண் கேட்டபோது கிறிஸ்டினா கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

இப்போது கடாயிலிருந்து ஒரு வாடை வந்தது. அவள் நிமிர்ந்தாள். மாவு தீய்கிறது. சந்தேகமே இல்லை, தீய்கிறது. ஆனால் கண்ணைச் செல்போனில் வைத்துக்கொண்டு கிளறிய அந்தோணி, "வாசன தூக்குது பாரு" என்றான். அவளுக்குத் தன் மூக்கின் மேலேயே நம்பிக்கை இல்லை. நாக்குதான் போயிற்று, மூக்கும் போய்விட்டதா என்று நினைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தாள்.

மாடியிலிருந்து வீட்டுக்கார லட்சுமியம்மாள் கத்தினாள். "கிறிஸ்டினா! இன்னாடி அடுப்புல வெச்சிட்டுத் தூங்கினுகிறியா? தீயுற வாட மாடி வரைக்கும் வருது!"

அந்தோணி குனிந்து பார்த்தான். மாவு கரியாகியிருந்தது. அதைத் தொட்டியில் கொட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "இன்னா கடாய் வெச்சினுகீற? அடிப்புடிக்குது!" ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கிறிஸ்டினா அதைக் காதில் வாங்கவில்லை. தனக்கு வந்த வாடை லட்சுமியம்மாளுக்கும் வந்திருக்கிறது என்பதிலேயே அவள் மனம் நின்றுவிட்டது. அப்படியானால் தன் மூக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ரெண்டாம் தடவை மாவு சாக்லேட் நிறத்துக்கு வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜிலிருந்து இறால் பையை எடுத்துவந்தான். முந்தின நாள் சாயங்காலமே வாங்கி வைத்தது. ராத்திரி தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்து, விடிந்த பிறகுதான் கரண்ட் வந்தது. வெக்கையில் ஃபிரிட்ஜுக்குள் அந்தப் பை என்ன பாடு பட்டதோ. அவன் முடிச்சை அவிழ்த்ததும் நாற்றம் கிறிஸ்டினா உட்கார்ந்திருந்த படி வரை வந்தது. அழுகல், அதற்கு மேல் மூத்திரத் தொட்டி போல ஒரு காரம். அவனோ ஒரு இறாலை எடுத்தான், தலையைக் கிள்ளினான், மூக்கில் வைத்துக் கண்ணை மூடி நீளமாக இழுத்தான்.

"பஸ்ட் கிளாஸ்" என்றான்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்து படியில் ஒழுகிய தண்ணீரைத் துடைத்த துணி அவள் கையில் இருந்தது. வேர்வை துடைக்கத் துணி கேட்டுக் கையை நீட்டினான். அதையே கொடுத்தாள். வாங்கி முகத்தைத் துடைத்தான், கழுத்தைத் துடைத்தான், காதுக்குப் பின்னால் துடைத்தான், வாயை ஒற்றிக்கொண்டான். முகம் சுளிக்காமல் திருப்பிக் கொடுத்தான்.

"உங்களுக்கு வாசன வர்றதில்லியா?" என்றாள்.

அவன் வெளிக்கதவைத் திரும்பிப் பார்த்தான். "மெதுவா பேசு."

"கொரோனால போனது வரவே இல்லியா?"

"கம்பெனில தெரிஞ்சா அன்னிக்கே கேட்டுக்கு வெளிய தொரத்திடுவான். கலரப் பாத்து, தலைல கருப்பப் பாத்து, வழவழப்பத் தொட்டுப் பாத்து ஓட்டிக்கினு கீறேன். நீ வாயத் தொறந்துடாத. ஸ்நேகா பீஸு இந்த மூக்குலதான் வருது."

"அப்ப என் கொழம்பு?"

"இன்னா உன் கொழம்பு?"

"நல்லாத்தான இருந்துச்சு."

"எனக்கு எப்டித் தெரியும்? எத்த வாய்ல வெச்சாலும் எனக்கு மண்ணுதான்." அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. குழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற மாதிரி நிதானமாகச் சொன்னான். "சாப்டாம எழுந்தா ஏன்னு கேப்பாங்கல்ல? யார் மேலயாச்சும் போட்டுத்தான ஆவணும்? என் மேலயா போட்டுக்க முடியும்?"

சாக்கடையில் மிதந்த மீன் துண்டுகள் அவள் கண் முன்னே வந்தன. அடப் பாவி, அடப் படுபாவி என்று உள்ளே ஒரு குரல் அடித்துக்கொண்டது. நாக்கு செத்துப்போனது என்று மாதாவிடம் எத்தனை முறை அழுதிருப்பாள்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், அந்தச் சோற்றையும் அவள் தலையில் அல்லவா கொட்டியிருக்கிறான். ஒரு வார்த்தை, மன்னிச்சுக்கோ என்றுகூட வேண்டாம், தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லுவான் என்று பார்த்தாள். அவன் முகத்தில் ஏதோ யோசனை ஓடியது, பிறகு தெளிந்தது.

"தெரிஞ்சதும் நல்லதாத்தான் போச்சு" என்று ஒரு இறாலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "பாக்க நல்லாத்தான் கீது, ஆனா நைட்டு கரெண்டு இல்ல, அதான் பேஜாரா கீது. நீ மோந்து சொல்லு. எறா எப்டி கீது?"

அந்த வீட்டில் அவளிடம் ஒன்று எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டு எத்தனை காலம் ஆகிறது! கெட்டுப்போச்சு என்று சொன்னால் போதும். மார்க்கெட் இன்னும் முடிந்திருக்காது, வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவான், நல்ல இறால் வரும். மேனேஜர் ருசித்துச் சாப்பிடுவார். இவன் இன்சார்ஜ் ஆவான். நாளைக்கு ராத்திரி மறுபடியும் தட்டு பறக்கும், ஏனென்றால் ஊருக்குச் சொல்ல அந்தப் பொய் அவனுக்கு இன்னும் வேண்டும். நல்லா இருக்கிறது என்று சொன்னால் மேனேஜருக்கு முதல் வாயிலேயே இவன் மூக்கு செத்தது தெரிந்துவிடும், வேலை போகும். ஸ்நேகாவின் பள்ளிக்கூடம், இந்த வீடு எல்லாம் அதோடு போகும். அதுவும் அவளுக்குத் தெரியும். நன்றாகத் தெரிந்துதான் அவள் குனிந்து மோந்தாள்.

"நல்லா கீது" என்றாள்.

"நெசமா?"

"கடல் வாசனதான். பிரெஷ்ஷு."

அவன் சந்தோஷமாகத் தலைகளைக் கிள்ளி வேகப் போட்டான். ஸ்நேகாவைத் தோழி வீட்டுக்கு அனுப்பி, மத்தியானம் அங்கேயே சாப்பிட்டுவிடச் சொன்னாள் கிறிஸ்டினா. மாடிக்கு வாடை போகாதபடி அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். தலை வெந்த தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வீடு நாறியது. அதை வறுத்த மாவில் விட்டு, வெங்காயமும் குடமிளகாயும் பூண்டும் சேர்த்து, கடைசியில் இறாலையும் முட்டையையும் போட்டு இறக்கினான். பார்வைக்கு என்னவோ லட்சணமாகத்தான் இருந்தது. ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவளிடம் நீட்டினான். என்ன இருந்தாலும் செக்கர் புத்தி.

"மொத வாய் நீ தின்னு காட்டு."

வாங்கினாள். இறாலை வாயில் போட்டாள். பல் பட்டதும் பஞ்சு போலக் குழைந்தது. அவன் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. விழுங்கினாள். இன்னொன்றையும் எடுத்து மென்று விழுங்கினாள்.

"உப்பு மட்டும் கொஞ்சம் பத்தல" என்றாள். அது நிஜம்.

அவன் உப்புப் போட்டான்.

ஒரு மணிக்கு அரசப்பன் வந்தார். இறால் உரிக்கும் ஷெட்டில் கூடை தூக்கி மேலே வந்த மனுஷன், மெலிந்த உடம்பு, அதிர்ந்து பேசமாட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு நொடி நின்றார். கை மீசைக்குப் போனது. பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார். அந்தோணி சோறு போட்டு, நடுவில் குழி செய்து குழம்பை ஊற்றினான்.

"நீயும் சாப்டும்மா" என்றார் அரசப்பன், கிறிஸ்டினாவைப் பார்த்து.

அவள் தட்டோடு அடுப்படி வாசலில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"எல்லாம் என் கைப்பக்குவம் சார்" என்று சிரித்தான் அந்தோணி. "இவள அடுப்பாண்ட சேக்கவே இல்ல. கைமணம் போன கேசு சார் இது."

அரசப்பன் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்தார். "எறா யாருப்பா பாத்து வாங்கினது?"

"நான்தான் சார். வேற யாரு? நேத்து வாங்கும்போதும் மோந்தேன், காலைல அடுப்புல போடும்போதும் மோந்தேன். நம்ம மூக்குக்குத் தப்புமா சார்?"

அவர் குழம்பிலிருந்து ஒரு இறாலை ரெண்டு விரலால் எடுத்தார். உதறினார். மூக்கருகே கொண்டுபோய் உடனே விலக்கினார். அந்தோணியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்த இறாலை அவனிடமே நீட்டினார்.

"இப்ப ஒரு தபா மோந்து சொல்லு அந்தோணி. ஓகேவா, ரிட்டனா?"

அந்தோணி வாங்கிக்கொண்டான். சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூக்கில் வைத்தான், இழுத்தான். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. இறாலுக்கு மேலாக அவன் கண்கள் அடுப்படி வாசலைத் தேடி வந்து அவள் முகத்தில் நின்றன. அதில் கேள்வி இருந்தது, பயம் இருந்தது, கெஞ்சல் இருந்தது. ஒரு தலையசைப்பு, ஒரு கண் ஜாடை போதும் அவனுக்கு. அரசப்பன் காத்திருந்தார்.

கிறிஸ்டினா சோற்றில் இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். ஒரு வாய் எடுத்து, ஜாடை எதுவும் காட்டாமல், அவனைப் பார்த்தபடியே நிதானமாக மென்றாள்.