நாலாவது தடவை கழன்ற வயர்

தன் ஜீப் இருபது வருஷமானாலும் மக்கர் பண்ணாது என்று பீற்றிக்கொள்ளும் கணக்கு வாத்தியார், இந்த மாதம் நாலாவது தடவையாக அதைத் தெருமுனையிலிருந்து பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

மெக்கானிக் பெண் பானெட்டைத் திறந்தாள். பேட்டரி வயர் மறுபடியும் கழன்றிருந்தது.

“வேற கம்பெனிங்கிறதால என் ஜீப்பை எண்ணெய் ஒழுகுற ஓட்டைன்னீங்களே சார். அது இந்த மாசம் ஒரு தடவைகூட நிக்கல. உங்க கம்பெனி லட்சணம் இவ்வளவுதானா?”

உண்மையைச் சொன்னால் அவள் முகம் கொடுத்துப் பேசாமலே போய்விடலாம். ஆனாலும் வாத்தியாருக்கு ஜீப்பை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

“கம்பெனியைத் திட்டாதீங்க. வயரை நான்தான் கழட்டினேன்.”

“எதுக்கு?”

“நல்லா ஓடுற வண்டியை வச்சுக்கிட்டு உங்களை எப்படிப் பார்க்க வர்றது?”

அவள் வயரை மாட்டி, நட்டை நிதானமாக முடுக்கினாள்.

“ஞாயித்துக்கிழமை என் வண்டியில மலைக்குப் போலாம். வழியில நின்னா நீங்கதான் தள்ளணும். பழக்கம்தானே.”