கலிபோர்னியா ஓர்ட்னர்

பெர்க்லியில் மூடுபனி, லொஸ் ஏஞ்சல்ஸில் வெயில் என்று தொடங்கி, குலேந்திரன் அரை மணி நேரமாக மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகமான யூசிஎல்ஏயில் நாலு வருஷமும் விடுதி நிச்சயம். பெர்க்லியில் அறை கிடைப்பதே பெரும்பாடு, ஆனால் கம்ப்யூட்டர் படிப்பென்றால் அதற்கு ஒரு படி மேலே மதிப்பு. யோசனை கேட்க அவர் வீட்டுக்கு வந்திருந்த ஞானேஸ்வரி சூட்கேஸ் வாங்க வந்தவரைப்போல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பக்கத்தில் அவருடைய மகள் சஜீதா. இரண்டு இடத்திலும் அனுமதி கிடைத்தவள் அவள்தான்.

கலிபோர்னியாவைக் குலேந்திரன் கண்ணால் கண்டதில்லை. சுவிஸில், சூக் நகரில், ஓர் உணவகத்தின் சமையலறையில் இருபத்திரண்டு வருஷமாக நிற்பவர். ஆனாலும் இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை அந்த இரண்டு பல்கலைக்கழகங்களுக்கே எழுதிவைத்துவிட்டார். மகள் மதுஜாவுக்காகத்தான். படித்ததையெல்லாம் அச்செடுத்து, துளையிட்டு, ஒரு ஓர்ட்னரில் போட்டார். தடித்த அட்டைக் கோப்புக்கு இங்கே எல்லாரும் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொல்லும் பெயர் அதுதான். வந்த கடிதம் எதையும் எறியக்கூடாது என்பது இந்த நாடு அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அகதி வழக்குக்கு ஒன்று, வரிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, கலிபோர்னியாவுக்கு ஒன்று என்று நாலு ஓர்ட்னர்கள் அலுமாரியில் நிற்பவை; நாலாவது இன்று மேசையில்.

வாயைக் கொடுத்தது மாசி மாதத்தில். ஒரு சாமத்தியச் சடங்கு வீட்டில், சாப்பாட்டு மேசையில், யாரோ கேட்டதற்கு, "கலிபோர்னியா எண்டது முடிவு. ரெண்டில எது எண்டதுதான் யோசினை" என்று சொல்லிவிட்டார். மேசை முழுக்கக் கேட்டது. பங்குனி முடிவதற்குள் இரண்டு இடத்திலிருந்தும் மன்னிக்கவும் என்று பதில் வந்துவிட்டது. மதுஜா ஒரு கிழமை அழுதாள், பிறகு எழுந்து இங்கேயே ஆசிரியர் கல்லூரிக்கு எழுதிப்போட்டாள். அவள் எழும்பிவிட்டாள். எழும்பாதவர் அப்பாதான். ஊருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், கேட்டவருக்கெல்லாம் இன்னும் யோசிக்கிறம் என்று சொல்லி நாளைக் கடத்தினார்.

"அண்ணை, சுத்தி வளைச்சுக் கதைக்க எனக்குத் தெரியாது" என்றார் ஞானேஸ்வரி. "இவளின்ர அப்பாவும் இல்லை. அவ்வளவு தூரம் தனிய விடமாட்டன். உங்கட மதுஜா எதுக்குப் போறாவோ அதுக்குத்தான் இவளும். ரெண்டு பேரும் ஒரு அறையில இருக்கினம் எண்டால்தான் எனக்கு நித்திரை வரும். மே முதலாம் திகதிக்குள்ள சொல்லவேணுமாம். இன்னும் ஆறு நாள்தான் கிடக்கு."

குலேந்திரன், தன் மானம் போனால் போகட்டும், இப்போதே சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார்.

"தங்கச்சி, அது வந்து... மதுஜா..."

சஜீதா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மதுஜாவின் வகுப்புக்காரி. அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. சொல்லிவிடாதீர்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"அங்கிள், பெர்க்லி எண்டுதானே மதுஜா சொன்னவள்?" என்றாள்.

உண்மையைச் சொன்னால் இந்தப் பிள்ளையின் படிப்புப் போய்விடும். சொல்லாவிட்டால், நம்பி வந்த ஒரு தாயை ஏமாற்றி, அவர் பெற்ற பிள்ளையைத் தனியே கடல் தாண்ட வைத்த பாவம் அவர் தலையில். அவர் மாசியில் சொன்ன பொய் அவருடைய வீட்டோடு முடிந்திருக்க வேண்டியது. இப்போது அது அடுத்த வீட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்டது.

"ஓம்" என்றார். "பெர்க்லிதான்."

ஞானேஸ்வரியின் முகம் மலர்ந்த விதத்தைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. சமையலறையில் மதுஜா தேத்தண்ணீர் ஊற்றும் சத்தம் சட்டென்று நின்று, மறுபடி கேட்டது.

"அப்ப டிக்கெட்டை ஒண்டாப் போடுவம் அண்ணை. மதுஜான்ர பாஸ்போட் கொப்பியும் இதுக்கைதான் வச்சிருப்பியள், என்ன?" ஞானேஸ்வரி ஓர்ட்னரை மடிக்கு இழுத்துப் பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். விடுதி. பஸ். பேராசிரியர்கள். கடைசியில் சிவப்புப் பிரிப்புத்தாள்.

அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பது குலேந்திரனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பழக்கதோஷம். எறியக்கூடாது என்று, மன்னிக்கவும் என்று வந்த அந்தப் பதிலையும் போட்டு வைத்திருந்தார். கையை நீட்டி மூடியிருக்கலாம். கை மேசையிலேயே கிடந்தது. அந்தத் தாளை முன்பே எடுக்க மறந்தாரா, எடுக்க விரும்பவில்லையா என்பது அவருக்கே விளங்கவில்லை.

மதுஜா தட்டோடு வந்தாள்.

"இந்தா, மதுஜா எண்டு பேர் போட்டிருக்கு!" ஞானேஸ்வரிக்கு இங்கிலீஷில் பெயர் வாசிக்கும் அளவுக்குத்தான் தெரியும். "இதுதானே அட்மிஷன் கடிதம்? தட்டை வச்சிட்டு வாரும் பிள்ளை. வாசிச்சுச் சொல்லும், காது குளிரக் கேப்பம்."

சஜீதா தலையைக் குனிந்துகொண்டாள். மதுஜா தட்டை வைத்துவிட்டு ஓர்ட்னரை வாங்கினாள். அந்தக் கடிதத்தைத் தன் போனில் அன்றே அழித்துவிட்டிருந்தாள். அப்பா அதை அச்செடுத்திருப்பது அவளுக்குத் தெரியாது. அவள் எழுத்துகளைப் பார்க்கவில்லை. தாளின் ஓரத்தைப் பார்த்தாள். நேராக இடப்பட்ட இரண்டு துளைகள். அவை கிழிந்துவிடாமல் இருக்க, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சின்ன வெள்ளை வளையம் ஒட்டப்பட்டிருந்தது. அவள் பெருவிரலால் அதைத் தடவினாள்.

"சத்தமா வாசியும் பிள்ளை" என்றார் ஞானேஸ்வரி.