நாலு வேட்டிக்கு நடுவே

வளர்ந்த பிறகு எல்லாமே சின்னதாகிப் போகிறது என்பதில் குணசேகரனுக்கு ஒரு தீராத கோபம் உண்டு. சின்ன வயதில் வானத்தைத் தொட்ட ராட்டினம், போன வருஷம் மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தபோது வீட்டுக் கூரை உயரம்கூட இல்லை. பயாஸ்கோப் பெட்டிக்குள் கண்ணை வைத்தால் கிழிந்துபோன படங்கள்தான் தெரிந்தன. ஜவ்வு மிட்டாய்க்காரனின் பொம்மை கை தட்டுவதைப் பார்த்து, இதற்காகவா அன்றைக்கு மண்ணில் புரண்டு அழுதோம் என்று இருந்தது. கடவுள் மனிதனுக்கு வயதைக் கொடுத்ததே இப்படி ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்ளத்தானோ என்னமோ.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். சைக்கிள் வீரர் ஜார்ஜ்.

1974ஆம் வருஷம், தண்டையார்பேட்டையில் குடோன்களுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் மூங்கில் நட்டு, கலர்க் காகிதம் ஒட்டி, ஒலிபெருக்கி கட்டினார்கள். குதிரை வண்டியில் ஒருத்தன் நோட்டீசை வீசிக்கொண்டே மைக்கில் கத்திக்கொண்டு போனான். "ஏழு நாள்! இரவு பகல்! கால் தரையில் படாது! குளிப்பது சைக்கிளில், சாப்பிடுவது சைக்கிளில், தூங்குவதும் சைக்கிளில்!" திருவொற்றியூர் தொழிற்சாலையில் முதல் ஷிப்டை முடித்துவிட்டு வந்துகொண்டிருந்த குணசேகரன், முப்பது வயது ஆள், கையில் டிபன் கேரியரோடு வண்டிக்குப் பின்னால் ஓடிப்போய் நோட்டீஸ் வாங்கினான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஓடினான்.

இருபது வருஷத்துக்கு முன்னால் அதே மைதானத்தில்தான் ஜார்ஜ் முதல் தடவை சுற்றினார். குணாவுக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுக் கயிற்றுக்கு வெளியே தவம் கிடந்தான். ஓடும் சைக்கிளில் இருந்தபடியே குனிந்து, தரையில் கிடக்கும் கைக்குட்டையை வாயால் கவ்வி எடுப்பார் ஜார்ஜ். ஹேண்டில்பாரில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகச்சவரம் செய்வார். தினம் உச்சிவேளையில் அவர் குளித்து உடை மாற்ற வேண்டும். அதற்கு ஒரு முறை இருந்தது. தெருவில் மதிப்பான ஆட்களாக நாலு பேரைக் கூப்பிடுவார்கள். அவர்கள் நாலு மூலையில் நின்று, வேட்டிகளைத் தரை தொடும்படி சுவர் மாதிரி பிடித்துக்கொண்டு, ஓடும் சைக்கிளோடு கூடவே ஒரு சுற்று மெள்ள நடந்து வருவார்கள். உள்ளே ஒரு மனுஷன் உடை மாற்றுகிறான் அல்லவா, மரியாதைக்காக நாலு பேரும் முகத்தை வெளிப்பக்கம் வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். சுற்று முடிந்து துணி விலகும்போது ஜார்ஜ் புதுச் சட்டையில், இரண்டு கையையும் தூக்கியபடி ஓட்டிக்கொண்டு வெளியே வருவார். மைதானமே அலறும்.

அந்த நாலு பேரில் ஒருவர் குணாவின் நைனா பூங்காவனம். துறைமுகத்தில் மூட்டைக்கூலிகளுக்கு மேஸ்திரி. அவர் சொன்னால் சொன்னதுதான் என்று பேர் வாங்கியவர். இன்னொருவர் பக்கத்து வீட்டு மண்ணாங்கட்டியின் அப்பா. மண்ணாங்கட்டி குணாவின் உயிர்த்தோழன்.

ஐந்தாம் நாள் காலையில் மண்ணாங்கட்டி பசங்கள் நடுவே போட்டு உடைத்தான். "டேய், அந்தாளு துணிக்குள்ள சைக்கிள்லேர்ந்து எறங்குறான்டா. எறங்கித் தள்ளிகினு நடக்குறான்."

குணா நேராக நைனாவிடம் ஓடிப்போய்க் கேட்டான். நைனா மகன் தலையில் கையை வைத்தார். "உன் தலமேல சத்தியம்டா. காலு தரைல படல. நான் கூடவே நடந்தேன் இல்ல?"

பத்து வயதுப் பையனுக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? குணா திரும்பிப் போய் மண்ணாங்கட்டியைக் கல்லால் அடித்தான். புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. அது போதாதென்று மண்ணாங்கட்டியின் அப்பாவே வந்து, ரத்தம் வழிய நின்ற பிள்ளையை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போய், ஊர் பார்க்கப் பெல்ட்டால் விளாசினார். "பொய் சொல்லுவியா? பொய் சொல்லுவியா?" ஜார்ஜ் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு மண்ணாங்கட்டிக்கு வைத்த பெயர்தான் டூப்பு, புளுகன் என்று அர்த்தம். வளர்ந்து, துறைமுகத்தில் வேலைக்குப் போன பிறகும் அது ஒட்டிக்கொண்டது. மழை வருது என்று மண்ணாங்கட்டி சொன்னால், தெருவில் யாராவது ஒருத்தர் கையை வெளியே நீட்டிப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் கொடியிலிருந்து துணி எடுப்பார்கள். குணாவும் அவனும் அப்புறம் ராசியாகிவிட்டார்கள், சேர்ந்து டீ குடித்தார்கள், சேர்ந்து படம் பார்த்தார்கள். ஆனாலும் குணாவின் வாயிலும் அவன் டூப்புதான். நைனா போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. "எங்க நைனா வாயிலேர்ந்து ஒரு பொய் வந்ததில்ல" என்று எங்கே பேச்சு வந்தாலும் குணா சொல்லிவிடுவான். சொத்து பத்து என்று அவர் வேறு எதையும் விட்டுப் போகவில்லை.

முதல் நாள் சாயந்திரமே ஒன்பது வயது மகள் சிவந்தியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனான். நுழையுமுன் வாசலிலேயே ஒரு நொடி நின்றான். இதுவும் சின்னதாகிப் போயிருந்தால்? ஜார்ஜுக்குத் தொந்தி விழுந்திருந்தது. முன்மண்டை வழுக்கை. ஆனால் அந்த மனுஷன் ஓடும் சைக்கிளில் அப்படியே சரிந்து கைக்குட்டையைக் கவ்வி நிமிர்ந்தபோது குணாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு நூல்கூடக் குறையவில்லை. அழுகையே வந்துவிட்டது அவனுக்கு.

"கால கீழ வெக்கவே மாட்டாராப்பா?" என்று கேட்டாள் சிவந்தி.

"வெக்கவே மாட்டாரு. உங்க தாத்தா கூடவே நடந்து பாத்துகீறாரு."

கயிற்றுக்கு அந்தப்பக்கம், டீக்கடை ஓரமாக மண்ணாங்கட்டி பீடி பிடித்துக்கொண்டு நின்றான். "இன்னா டூப்பு, உள்ள வாயேன்! உங்காளு வந்துகீறாரு" என்று குணா கூப்பிட்டான்.

"நான் ஒண்ணும் சொல்லலியே மாமு. நீ பாரு" என்றான் மண்ணாங்கட்டி.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. துணி பிடிக்க ஆள் கூப்பிட்டார்கள். சோடாக்கடை செல்வம் இருபது வருஷத்துக்கு முன்னால் பிடித்தவர், அவர் முன்னால் வந்து நின்று, "நம்ம பூங்காவனம் புள்ளையும் வரட்டும்" என்றார். குணாவுக்குத் தலைகால் புரியவில்லை. முன்பக்கத்து மூலையில் நைனா நின்ற இடத்திலேயே நின்று, வேட்டி முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். எதிரே கூட்டத்தில் சிவந்தி குதித்துக் குதித்துக் கை ஆட்டினாள்.

கால் சுற்று நடந்திருப்பான். பின்னாலிருந்து ஒரு பாதம் அவன் குதிகாலை நறுக்கென்று மிதித்தது.

"மன்னிச்சுக்கோ தம்பி" என்று காதுக்கு நேராக ஒரு குரல் வந்தது.

சைக்கிள் மேல் உட்கார்ந்திருக்கிறவன் எப்படிக் குதிகாலை மிதிப்பான்? குணா திரும்பிவிட்டான். ஜார்ஜ் தரையில் நடந்துகொண்டிருந்தார். ஒரு கையால் சைக்கிளைத் தள்ளியபடி, மறு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடியபடி நடந்தார். கால் இரண்டும் முழங்கால் வரைக்கும் வீங்கிப் பளபளத்தன.

"முன்னால பாத்து நட" என்றார் அடுத்த மூலையிலிருந்து செல்வம், உதடு அசையாமல். "உங்க நைனாவ எத்தினி தபா மிதிச்சாரு தெரியுமா? ஏழு நாளும் மனுசனுக்குக் குதிகால்ல தோலு இல்ல. ஒரு தபா திரும்பல."

குணா திரும்பி நடந்தான். மீதி முக்கால் சுற்றும் கால் அதுபாட்டுக்கு நடந்தது. ஊருக்கு ஆயிரம் பொய் சொல்லிவிட்டுப் போகட்டும், அதைப்பற்றி ஒன்றுமில்லை. என் தலையில் கையை வைத்தாயே, பெற்ற பிள்ளை தலையில்! நைனா உயிரோடு இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பான். செத்தவனை யாரிடம் போய்க் கேட்பது? இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், துணி விலகி ஜார்ஜ் இரண்டு கையையும் தூக்கியபடி வெளியே வந்தபோது அவனுக்கு மறுபடியும் புல்லரித்தது. எல்லாம் தெரிந்த பிறகும் புல்லரித்தது. கூட்டத்தோடு சேர்ந்து அவனும் கத்தினான்.

அங்கிருந்து நேரே டீக்கடைக்குப் போனான். "நீ சொன்னது நெசம்டா மண்ணாங்கட்டி" என்றான். முழுப்பேரைச் சொல்லி அவன் கூப்பிட்டு இருபது வருஷமாகிறது.

மண்ணாங்கட்டி ஒன்றும் பூரித்துப் போய்விடவில்லை. "எனக்குத் தெரியாதா?" என்றான்.

"துணிக்குள்ள எட்டிப் பாத்தியா அன்னிக்கு?"

"நான் எங்க பாத்தேன். எங்கப்பாதான் சொன்னாரு. பக்கத்துல படுக்க வெச்சிகினு, சிரிச்சிகினே சொன்னாரு. 'அந்தாளு பாவம்டா, காலு வீங்கிப்போச்சு, துணிக்குள்ள நடக்குறாரு, யார்ட்டயும் சொல்லாத'ன்னாரு. எனக்கு வாயி நிக்கல. மறுநாளு அவரே பெல்ட்ட உருவினாரு."

குணா அவன் புருவத்துத் தழும்பைப் பார்த்தான். "உங்கப்பாதான் சொன்னாருன்னு நீ சொல்லிருக்கலாமேடா."

"சொல்லிட்டு? அப்பால அவரு பேரு இன்னா ஆவறது?" மண்ணாங்கட்டி பீடியைக் காலில் தேய்த்து அணைத்தான். "அடிக்கசொல்ல என் கண்ணயே பாத்துகினு அடிச்சாரு குணா. அது ஒண்ணுதான் பேஜாரு. மத்ததெல்லாம் பழகிப்போச்சு."

அன்றைக்குச் சாயந்திரம் சிவந்தி வழக்கம்போலக் கேட்டாள். "இன்னிக்கு நீ கூடவே நடந்தியேப்பா, காலு படவே இல்லல்ல?" குணா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து உண்மையைச் சொன்னான். இறங்கினார், நடந்தார், கால் வீங்கியிருந்தது என்று ஒன்று விடாமல் சொன்னான். சொல்லி முடித்தபோது நெஞ்சு லேசாகிவிட்டது. நைனா செய்ததை நான் செய்யவில்லை, அந்த வழக்கம் என்னோடு போச்சு என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான். யாரிடமும் சொல்லாதே என்று சொல்ல வாயெடுத்து, சொன்னால் மண்ணாங்கட்டியின் அப்பா மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டான்.

சிவந்தி கொஞ்ச நேரம் யோசித்தாள். "பாவம்பா அவரு" என்றாள். அவளுக்கு அவ்வளவுதான்.

புதன்கிழமை ஏழாம் நாள். சாயந்திரம் ஐந்து மணிக்கு மாலை போட்டு இறக்குவதாக ஏற்பாடு. எள் போட்டால் விழாத கூட்டம். குணா சிவந்தியை மைதானத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்துச் சந்து வரலட்சுமி அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். வரலட்சுமிக்கு வாய் இந்த ஊர் ஒலிபெருக்கிக்குச் சமம்.

"குணா! உன் பொண்ணு இன்னா பேச்சு பேசிகினு கீது பாரு! வீரர் துணிக்குள்ள எறங்கி நடக்குறாராம்! பசங்க அத்தினி பேருகிட்டயும் சொல்லிகினு கீது. என் புள்ள அயுதுகினு வந்து நிக்கிறான். யாரு சொன்னதுன்னு கேளு!"

மைக் வைத்திருந்தவன் இசைத்தட்டை நிறுத்தினான். திடீரென்று அமைதியான மைதானத்தில் சைக்கிள் சங்கிலி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கூட்டம் முழுக்கக் குணாவின் பக்கம் திரும்பியது. செல்வம் பார்த்தார். ஜார்ஜ் உதடு வெடித்த முகத்தோடு அவனைப் பார்த்தபடியே ஒரு வளைவு ஓட்டிக் கடந்துபோனார். குணா மகளின் கையை வாங்கிப் பிடித்துக்கொண்டான். நான்தான் சொன்னேன் என்று இரண்டே வார்த்தை. அந்த இரண்டு வார்த்தைக்கு நைனா பேர் போகும், செல்வத்தின் பேர் போகும், ஏழு நாள் மிதித்த அந்த மனுஷன் கழுத்தில் மாலை வாங்காமல் மூட்டை கட்டுவார்.

"அது வந்து..." என்றான் குணா.

"நான்தான் சொன்னேன்." கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மண்ணாங்கட்டி கையைத் தூக்கினான். "சும்மா தமாசுக்கு சொன்னேன். கொயந்தைய வுடுங்க."

ஒரு நொடிதான். மைதானமே வெடித்துச் சிரித்தது. "அதான பாத்தேன், டூப்பு வேலையா?" என்று ஒருத்தன் அவன் பின்மண்டையில் தட்டினான். "இன்னும் திருந்தலியாடா நீ?" என்று வரலட்சுமியும் சிரித்துவிட்டாள். இசைத்தட்டு மறுபடியும் அலறத் தொடங்கியது. குணாவுக்கு மூச்சு வந்தது. அப்பாடா என்று இருந்தது, அந்த நிம்மதி அவனுக்கே அருவருப்பாகவும் இருந்தது.

சிவந்தி அவன் விரலைப் பிடித்து இழுத்தாள். "அவரு சொல்லலியேப்பா. நீதான சொன்ன?"

சத்தத்தில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. குணாவுக்குக் கேட்டது. அவன் சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றான். எல்லாரும் கை தட்டியபோது, மகள் கையிலிருந்து விரலை உருவிக்கொண்டு அவனும் தட்டினான்.

ஜார்ஜ் ஒரு முழுச் சுற்று வரும்வரை சிவந்தி அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் மண்ணாங்கட்டியின் பக்கத்தில் நின்றாள்.

"உங்கப்பா கிட்ட போ கண்ணு" என்றான் மண்ணாங்கட்டி.

"மாட்டேன்" என்றாள் சிவந்தி.